விடுகதைக்கு இருவர் வேண்டும்

நுழையும் முன்

மாணவர்களே! பந்தைச் சுவரில் எறிந்து தனியாக விளையாடலாம். பாட்டைத் தனியாகப் பாடலாம். ஆனால், விடுகதையைத் தனியாகப் போட முடியுமா? கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். ஆகவே, விடை தெரியாத இன்னொருவர் எதிரில் இருந்தே ஆக வேண்டும். அவர் தலையைச் சொறிய வேண்டும். தவறாகச் சொல்ல வேண்டும். இறுதியில் சிரிக்க வேண்டும். இப்பாடம், பேசாமல் இருந்த இருவரை விடுகதை எவ்வாறு பேசவைத்தது என்பதைக் கூறுகிறது.

1. மலை பெய்த நாள்

தில்லி மாநகரின் அடுக்ககம் ஒன்றில், நான்காம் தளத்தில் கயலின் வீடு இருந்தது. அவள் ஏழாம் வகுப்பு மாணவி. பிறந்ததும் வளர்ந்ததும் தில்லியில்தான். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுவாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் தமிழில் கேட்டால், அவள் இந்தியில் விடை சொல்வாள்.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், விடுமுறைக்குக் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள தன் சிற்றூருக்குச் சென்றிருந்தாள். ஒருநாள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது தூறல் விழுந்தது. "மலை பெய்கிறது! மலை பெய்கிறது!" என்று மகிழ்ச்சியோடு கத்தினாள். அத்தை மக்களும் பெரியப்பா மக்களும் விழுந்து விழுந்து சிரித்தனர். "மலை பெய்தால் தலையில் பாறை விழுமே!" என்று ஒருவன் தலையை மூடிக்கொண்டு ஓடினான். விடுமுறை முடியும்வரை அவளுக்கு 'மலை' என்பதே பெயராயிற்று. அதன்பின் கயல் தமிழில் வாய் திறப்பதில்லை.

இவ்வாண்டு தாத்தா மறைந்தார். ஊரில் தனியாக இருந்த ஆச்சியை அப்பா தில்லிக்கு அழைத்து வந்தார். கன்னியாகுமரிக்கும் தில்லி நிசாமுதீனுக்கும் இடையே ஓடும் திருக்குறள் விரைவுத் தொடர்வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து ஆச்சி வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அப்பாவும் அம்மாவும் காலையில் அலுவலகம் சென்றால் இரவில்தான் திரும்புவர். பள்ளி விட்டு வந்த கயல் கைப்பேசியோடு ஒரு மூலையில் அமர்வாள். ஆச்சி மற்றொரு மூலையில் அமர்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில் இருவர் இருந்தும் பேச்சு இல்லை.

2. இருளில் ஒரு கேள்வி

ஆனி மாதத்தில் ஒருநாள் மாலை மின்சாரம் நின்றுவிட்டது. கைப்பேசியும் அணைந்துவிட்டது. புழுக்கம் தாங்காமல் இருவரும் மாடத்தில் வந்து அமர்ந்தனர். சிறிது நேரம் சென்றது. இருளைப் பார்த்தபடியே ஆச்சி கேட்டார்:

"அடிக்கவும் மாட்டான், திட்டவும் மாட்டான். ஆனால், கிட்டப் போனவர்களை எல்லாம் அழவைப்பான். அவன் யார்?"

கயல் திரும்பிப் பார்த்தாள். ஆச்சி அவளைப் பார்க்கவில்லை. விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று கயல் உணர்ந்தாள். அவளையும் அறியாமல் சொல் வெளியே வந்தது.

"வெங்காயம்!"

அச்சொல்லில் பிழையும் இல்லை, கேலியும் எழவில்லை. ஆச்சி தலையசைத்தார். "சரி, இது எளிது. இன்னொன்று போடுகிறேன். தாய் அசையாமல் படுத்திருப்பாள். மகள் அவள்மேல் முன்னும் பின்னும் ஓடுவாள். அது என்ன, தாயி?"

கயல் சிந்தித்தாள். கட்டிலா? இல்லை. தண்டவாளமும் தொடர்வண்டியுமா? "நல்ல விடைதான். ஆனால், நான் நினைத்தது அதுவன்று" என்றார் ஆச்சி. கைப்பேசியும் விரலுமா? ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். தில்லிக்கு வந்தபின் அவர் சிரித்ததைக் கயல் அன்றுதான் கேட்டாள்.

"சொல்லுங்கள், ஆச்சி!"

"நாளைக்குச் சொல்கிறேன். இன்றைக்கே சொல்லிவிட்டால், நாளைக்கு நீ என்னிடம் என்ன கேட்பாய்?"

தெரிந்துகொள்வோம்: விடுகதையின் பழைமை

விடுகதை மிகப் பழைமையானது. இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழைமையானதாகக் கருதப்படும் தொல்காப்பியம், விடுகதையைப் 'பிசி' என்னும் பெயரால் குறிக்கிறது. செய்யுளியலில் பிசி இருவகையாகச் சொல்லப்படுகிறது. ஒரு பொருளை அதனைப் போன்ற வேறொன்றாக உவமைப்படுத்திக் கூறுவது ஒருவகை. பொருளின் அடையாளங்களைக் கூறி, அதனைக் கேட்பவரே உய்த்துணருமாறு செய்வது மற்றொரு வகை. இன்று நாம் விடுகதை, புதிர் என்று கூறுகிறோம். சில ஊர்களில் அழிப்பாங்கதை என்பர்.

3. தாதியும் ஆச்சியும்

மறுநாள் கயல், எதிர் வீட்டிலுள்ள தன் தோழி நேகாவைக் காணச் சென்றாள். அங்கே நேகாவின் பாட்டி தரையில் அமர்ந்து புதினாத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார். தட்டையான கல் ஒன்று அசையாமல் கிடந்தது. அதன்மேல் சிறிய கல் ஒன்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கயல் வந்த வேலையை மறந்து வீட்டிற்கு ஓடினாள். "ஆச்சி! விடை கிடைத்துவிட்டது! சில்பட்டா! சில்பட்டா!"

ஆச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கயல் கைகளால் அரைத்துக் காட்டினாள். ஆச்சியின் கண்கள் விரிந்தன. "அம்மி! கீழே கிடப்பது அம்மி; மேலே ஓடுவது குழவி. அம்மி இங்கேயும் இருக்கிறதா? யார் வீட்டில்?"

"நேகாவின் தாதி அரைக்கிறார்கள், ஆச்சி."

"தாதியா? வயதான காலத்தில் யாருக்குப் பணிவிடை செய்கிறார், பாவம்!"

இம்முறை கயலுக்கு விளங்கவில்லை. பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. இந்தியில் 'தாதி' என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. தமிழில் 'தாதி' என்றால் பணிவிடை செய்யும் பெண். ஆச்சி தம் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அப்படியானால் நானும் உனக்குத் தாதிதானா!" என்று கூறிச் சிரித்தார்.

அன்று மாலையே ஆச்சி எதிர் வீட்டிற்குச் சென்றார். அம்மியைக் கண்டதும் குழவியைத் தொட்டுப் பார்த்தார். இரு பாட்டிகளும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தனர். அதற்குமேல் பேச மொழி இல்லை. இருவரும் கயலைப் பார்த்தனர்.

கயல் அன்றுமுதல் மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

4. கடந்துபோகும் விடுகதை, கடக்காத விடுகதை

அம்மி விடுகதையைக் கயல் இந்தியில் கூறினாள். தாதி நொடியில் விடை சொன்னார். பின்னர்த் தாம் ஒன்று போட்டார். கயல் மெல்ல மெல்லத் தமிழில் சொன்னாள். சில சொற்களுக்குத் தடுமாறினாள்; கைகளால் காட்டினாள்.

"ஒருத்தி தோட்டத்தில் நிற்கிறாள். பச்சைச் சால்வை போர்த்தியிருக்கிறாள். சால்வைக்குள் நிறைய முத்துகளை ஒளித்து வைத்திருக்கிறாள்."

கயல் சொல்லி முடிப்பதற்குள், "மக்காச்சோளம்!" என்றார் ஆச்சி. "எங்கள் கரிசல் காட்டில் விளைவதுதானே! எத்தனை கதிர் உரித்திருப்பேன்!"

தாதி வியந்துபோனார். தில்லித் தெருக்களில் மழைக்காலத்தில் கரி அடுப்பில் சுட்டு, எலுமிச்சையும் உப்பும் தேய்த்து விற்கும் சோளக்கதிர்தான் அது.

அடுத்து ஆச்சி கேட்டார்: "ஒருவரும் குளிக்க முடியாத ஆறு எது?" கயல் சிரித்துவிட்டாள். எண் ஆறு! ஆனால், அதனை இந்தியில் சொல்லத் தொடங்கியபோது திகைத்து நின்றாள். இந்தியில் ஓடும் ஆற்றுக்கு 'நதி' என்று பெயர். எண்ணுக்கு 'சஹ்' என்று பெயர். இரண்டும் வேறு வேறு சொற்கள். "குளிக்க முடியாத நதி எது?" என்று கேட்டால், "மிகவும் அழுக்கான நதி" என்றுதான் தாதி சொல்வார். சொல்லியும் விட்டார்!

தாதி தம் பங்குக்கு ஒன்று கேட்டார்: "நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். அந்த ஒரு சொல் எது?" விடை, 'கல்'. இந்தியில் நேற்று, நாளை என்னும் இரண்டையும் 'கல்' என்னும் ஒரே சொல் குறிக்கும். கயல் இதனை விளக்கியதும் ஆச்சி சொன்னார்: "எங்கள் ஊரிலும் அப்படித்தான், தாயி. நேற்றும் கல்தான், நாளைக்கும் கல்தான். கல் எங்கே போகும்?" கயல் சிரித்து முடித்து, அதனைத் தாதிக்குச் சொல்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்று கயல் ஓர் உண்மையைக் கண்டுகொண்டாள். பொருளைப் பற்றிய விடுகதை, எந்த மொழிக்கும் எளிதில் கடந்து போகும். அம்மியும் வெங்காயமும் சோளமும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. சொல்லைப் பற்றிய விடுகதையோ, தன் மொழியை விட்டு வெளியே வராது. அதனைச் சுவைக்க விரும்புபவர்தாம் அந்த மொழிக்குள் செல்ல வேண்டும். கயலால் இரண்டு மொழிகளுக்குள்ளும் செல்ல முடிந்தது. அந்த அறையில் எல்லா விடுகதைகளுக்கும் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

தெரிந்துகொள்வோம்: தில்லியும் விடுகதையும்

இந்தியில் விடுகதையைப் 'பஹேலி' என்பர். 1253-இல் பிறந்து 1325-இல் தில்லியில் மறைந்த கவிஞர் அமீர் குஸ்ரோவின் பெயரால் பல பஹேலிகள் இன்றும் மக்களிடையே வழங்குகின்றன. அவருடைய அடக்கத்தலம் தில்லி நிசாமுதீன் பகுதியில் உள்ளது. ஆச்சி வந்து இறங்கிய தொடர்வண்டி நிலையத்தின் பெயரும் நிசாமுதீன்தான்!

ஆச்சியின் ஊர்ப்பக்கத்திலும் இத்தகைய செல்வம் உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் நிலத்து மக்களின் கதைகளையும் வட்டாரச் சொற்களையும் தேடித் தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் புதினத்திற்காக 1991-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

5. மழை பெய்த நாள்

ஆடி மாதம் பிறந்தது. ஒருநாள் மாலை, வானம் இருண்டு பெரும் துளிகள் விழத் தொடங்கின. மாடத்தில் நின்ற கயல், "ஆச்சி, மலை..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முகம் வாடியது.

ஆச்சி எதுவும் கேட்கவில்லை. கயலே சொன்னாள். ஊரில் எல்லாரும் சிரித்ததை, 'மலை' என்று அழைத்ததை, அதன்பின் தமிழ் பேச அஞ்சியதை எல்லாம் சொன்னாள். ஆச்சி அவள் தலையைக் கோதினார்.

"அன்றைக்கு அவர்கள் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. ஒருவர் அழ, மற்றவர் சிரித்தால் அது வேடிக்கை ஆகாது, தாயி. ஆனால், அந்தச் சொல் என்ன பாவம் செய்தது? அதை ஏன் விட்டுவிட்டாய்?" என்றார்.

அன்று இரவு கயல் நெடுநேரம் எதையோ எழுதினாள், அடித்தாள், மீண்டும் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை, ஊரிலுள்ள உறவினருடன் காணொளியில் பேசும்போது, கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஒரு விடுகதை போடப்போகிறேன். இரண்டெழுத்துச் சொல் ஒன்று, ஊருக்கு வெளியே அசையாமல் நிற்கும். அதன் இரண்டாம் எழுத்தை மாற்றினால், வானத்திலிருந்து ஓடி வந்து ஊரை நனைக்கும். இரண்டும் என்ன?"

மறுமுனையில் அமைதி. ஒருவன் 'மரம்' என்றான். ஒருத்தி 'மேகம்' என்றாள். அன்று தலையை மூடிக்கொண்டு ஓடிய அந்த அண்ணன் மட்டும் எதுவும் சொல்லாமல் இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "மலை... மழை."

"சரியான விடை!" என்றாள் கயல். 'ழை' சற்றே அழுத்தமாக ஒலித்தது. யாரும் கேலி செய்யவில்லை. "இன்னொன்று போடு, கயல்!" என்று எல்லாரும் கேட்டனர்.

"நாளைக்கு" என்றாள் கயல். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சுவையான செய்திகள்

1. திங்கள் என்பது நிலவின் பெயர். இந்தியில் திங்கட்கிழமையைச் 'சோம்வார்' என்பர். சோமன் என்றாலும் நிலவுதான். ஆங்கிலத்தில் 'மண்டே' என்னும் சொல்லும் நிலவிலிருந்தே வந்தது. ஞாயிறு, ரவிவார், சண்டே ஆகிய மூன்றும் கதிரவனைக் குறிப்பவை.

2. விகடகவி, கைரேகை, குடகு ஆகிய சொற்களைப் பின்னாலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். 'மாடு ஓடுமா', 'யானை பூனையா' என்னும் தொடர்களையும் அவ்வாறே படியுங்கள். எப்படிப் படித்தாலும் அவை மாறுவதில்லை. இவ்வாறு அமைந்த செய்யுளை 'மாலைமாற்று' என்பர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இம்முறையில் பாடியுள்ளார்.

3. ஒரே சொல்லோ தொடரோ இருபொருள்படுமாறு அமைவது சிலேடை எனப்படும். சிலேடையில் புகழ்பெற்ற காளமேகப் புலவர், பாம்புக்கும் வாழைப்பழத்திற்கும் பொருந்துமாறு ஒரே பாடலைப் பாடியுள்ளார்.

சிரித்து மகிழ்வோம்

ஆசிரியர்: படி, படி என்று எத்தனை முறை சொல்வது? ஏன் இங்கே அமர்ந்திருக்கிறாய்?
மாணவன்: நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், ஐயா. இதுதான் முதல் படி!

தாத்தா: பூக்கடைக்குச் சென்று மாலை வாங்கி வரச் சொன்னேனே, ஏன் இன்னும் போகவில்லை?
பேத்தி: இப்போது காலைதானே, தாத்தா! மாலை வரட்டும்.

சொற்பொருள்

மாடம் – வீட்டின் வெளிப்புறம் நீண்டிருக்கும் மேல்தளப் பகுதி
புழுக்கம் – காற்றில்லாமல் வியர்க்கும் வெப்பம்
பணிவிடை – பிறருக்குச் செய்யும் தொண்டு
கரிசல் – கருமை நிற மண் கொண்ட நிலம்
உய்த்துணர்தல் – குறிப்பைக் கொண்டு அறிதல்
கோதுதல் – விரல்களால் முடியை மெல்ல நீவுதல்

பயிற்சி

அ. விடுகதைகளை விடுவிக்க.

1. உடம்பெல்லாம் பல், ஆனால் கடிக்கத் தெரியாது. அது என்ன?
2. ஊரெல்லாம் நம்மோடு சுற்றுவான். வீட்டு வாசலில் நின்றுவிடுவான். அவன் யார்?
3. ஆயிரம் பேர் கூடிக் கட்டிய அரண்மனை. உள்ளே இனிப்பு, வெளியே காவல். அது என்ன?
4. ஊசியில் கோக்க முடியாத நூல் எது?
5. நான்கெழுத்துச் சொல். முதல் எழுத்து 'க' என்றால் இனிக்கும். 'இ' என்றால் துருப்பிடிக்கும். 'அ' என்றால் மலரும். 'து' என்றால் பல் குத்த உதவும். நான்கு சொற்களும் யாவை?

ஆ. மேலே உள்ள ஐந்து விடுகதைகளுள், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழிக்கு எளிதில் கடந்து செல்பவை எவை? கடக்காதவை எவை? காரணம் கூறுக.

இ. பின்வரும் சொற்களை இருவேறு பொருளில் அமைத்துத் தொடர் எழுதுக.
(எ.கா.) ஆறு – ஆறு பெருகி ஓடியது. கூடையில் ஆறு பழங்கள் இருந்தன.
1. மாலை 2. படி 3. திங்கள் 4. கல்

ஈ. சிந்தித்து விடை எழுதுக.
1. இரண்டாம் விடுகதையின் விடையை ஆச்சி அன்றே சொல்லாதது ஏன்?
2. ஊரில் பிள்ளைகள் சிரித்ததற்கும், தாதி என்னும் சொல்லைக் கேட்டு ஆச்சியும் கயலும் சிரித்ததற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தால், அவர் மனம் வருந்தாதவாறு எவ்வாறு உதவுவீர்கள்?

உ. சொல்லிப் பழகுக.
மலை – மழை. வால் – வாழ். கலை – களை – கழை

ஊ. செயல்பாடு

உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் தமிழில் பேசி, அவர் சிறுவயதில் கேட்ட விடுகதை ஒன்றைக் கேட்டு எழுதுக. அதற்கு ஈடாக, நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வழங்கும் விடுகதை ஒன்றை அவருக்குத் தமிழில் கூறுக. விடையை மட்டும் மறுநாள் சொல்க!

விடைகள் (பகுதி அ): 1. சீப்பு 2. செருப்பு 3. தேன்கூடு 4. படிக்கும் நூல் 5. கரும்பு, இரும்பு, அரும்பு, துரும்பு